எபிரேய மொழியின் சமயச் சிறப்பு

உலகத்திலே மக்கள் வழங்கும் மொழிகள் பல்லாயிரம். அவற்றுள்ளே சமயத்தின் மொழி என்னும் பேறு பெற்றவை மிகச் சிலவே. வேதங்களுக்கு வடமொழியும், திரிபிடகத்துக்குப் பாளியும், குர்ஆனுக்கு அரபும் வாய்த்தாற்போல, யூதரின் திருநூலுக்கு வாய்த்த மொழி எபிரேயம். கிறித்தவர் பழைய ஏற்பாடு என்று போற்றும் தொகுதிக்கும் அடிப்படை அதுவே. தானியேல், எஸ்றா என்னும் நூல்களின் சில பகுதிகள் அரமேய மொழியில் அமைந்துள்ளன. எஞ்சியவை ஏறக்குறைய முழுவதும் எபிரேயத்தில் எழுந்தவை. யூதர் இம்மொழியை "லஷோன் ஹக்கோதெஷ்" என்று அழைப்பர். தூய்மையின் நாவு என்பது அதன் பொருள்.

தொலைவிலுள்ள மொழியன்றோ இது என்று நேயர்கள் எண்ணலாம். ஆயினும் இலங்கையின் கரையோரக் கிராமம் ஒன்றிலே, எழுத்தறியாத ஒரு மூதாட்டி செபத்தின் முடிவில் "ஆமென்" என்று சொல்லும்போது, அவர் தம்மை அறியாமலே எபிரேயம் பேசுகிறார். "அல்லேலூயா", "ஓசன்னா" என்பனவும் அம்மொழிச் சொற்களே. அடுத்த வீதியிலுள்ள பள்ளிவாசலிலே தொழுகையின்போது ஒலிக்கும் "ஆமீன்" என்னும் சொல்லும் அதனோடு உறவுடையது. ஆமென் என்பதற்கு "அப்படியே ஆகுக" என்று பொருள் கூறுவது வழக்கம். அச்சொல்லின் வேரோ உறுதி, நிலைபேறு என்னும் கருத்துடையது. நம்பிக்கையைக் குறிக்கும் "எமுனா", உண்மையைக் குறிக்கும் "எமெத்", குழந்தையைத் தாங்கி வளர்ப்பவனைக் குறிக்கும் "ஓமேன்" ஆகிய சொற்கள் யாவும் அந்த ஒரு வேரிலிருந்தே கிளைத்தவை. இவ்வுறவை அறிந்தவர் வாயில் அச்சிறு சொல் முன்னிலும் ஆழமாக ஒலிக்கும் என்பதில் ஐயமில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. திருநூல் இன்று உலகின் மொழிகள் பலவற்றிலே கிடைக்கிறது. தாய்மொழியிற் படித்தாற் போதாதா? வேற்றுமொழியொன்றைக் கற்கும் உழைப்பு எதற்கு? இது புதிய கேள்வியன்று. எபிரேயத்தைத் தம் உயிரெனப் போற்றிய யூதப் பெரியாரே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இக்கேள்வியை எதிர்நோக்கினர். அவர்கள் கண்ட விடையை அறிவதற்குமுன், அம்மொழியின் இயல்பைச் சிறிது நோக்குதல் நன்று.

எபிரேயம் செமித்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரபு, அரமேயம், பினீசியம் என்பன அதன் உடன்பிறப்புக்கள். அது வலப்புறத்திலிருந்து இடப்புறமாக எழுதப்படுவது. அதன் எழுத்துக்கள் 22. அவை யாவும் மெய்யெழுத்துக்களே. உயிரொலிகளைப் பழங்கால எழுத்தர் பெரும்பாலும் எழுதுவதில்லை. படிப்பவரே தம் அறிவால் அவற்றை இட்டு நிரப்புதல் வேண்டும். தமிழிலே ப், ட், ம் என்னும் மூன்று மெய்களை மட்டும் எழுதி ஒருவர் கையிற் கொடுத்தால், அவர் அதனைப் படம் என்றும் வாசிக்கலாம், பாடம் என்றும் வாசிக்கலாம், பீடம் என்றும் வாசிக்கலாம். எது சரியென்பதை இடம் நோக்கியும், கேட்ட மரபு நோக்கியுமே துணிதல் வேண்டும். ஆகவே எபிரேயத் திருநூலை ஏட்டிலிருந்து மட்டும் ஒருவர் கற்றுவிட முடியாது. ஆசிரியரின் வாயிலிருந்து கேட்டுக் கற்றவரே அதனை ஓத வல்லவராயினர்.

சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்கள் கொண்ட வேரிலிருந்து பிறப்பது இம்மொழியின் மற்றோர் இயல்பு. ஷ், ல், ம் என்னும் வேரை எடுத்துக்கொள்வோம். "ஷாலோம்" என்றால் அமைதி. "ஷாலேம்" என்றால் குறைவற்றது, முழுமையானது. "ஷில்லேம்" என்றால் கடனை அல்லது இழப்பை ஈடுசெய்தான் என்பது பொருள். முஸ்லிம் மக்கள் ஒருவரையொருவர் வாழ்த்தும் "சலாம்" என்னும் அரபுச் சொல் இதன் உறவுச் சொல். அமைதி என்பது சண்டையில்லாத நிலை மாத்திரமன்று. உடைந்தது முழுமை பெறுதலும், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்த்தலும் அதனோடு சேர்ந்தனவே என்பதை அந்த வேர் குறிப்பாக உணர்த்துகிறது.

திருநூலின் தொடக்கத்திலே இறைவன் சொல்லினாலே உலகைப் படைக்கிறான். எபிரேயத்தில் "தாவார்" என்பது சொல்லையும் குறிக்கும், பொருளையும் குறிக்கும், நிகழ்ச்சியையும் குறிக்கும். "ரூஆஹ்" என்பது காற்று, மூச்சு, ஆவி என்னும் மூன்றுக்கும் பொதுவான சொல். ஆதிநீரின்மேல் அசைந்தது காற்றா ஆவியா என்று மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். மூலமோ இரண்டையும் ஒரு சொல்லுள் அடக்கி நிற்கிறது. மனிதன் "ஆதாம்", அவன் எடுக்கப்பட்ட மண் "அதாமா". மனிதன் மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்புகிறான் என்னும் கருத்தைப் பல மொழிகளில் விளக்கிச் சொல்லவேண்டும். எபிரேயத்திலோ பெயரைச் சொன்ன அளவிலே அது விளங்கிவிடும்.

பாவத்தைவிட்டு நீங்குதலைக் குறிக்கும் "தெஷுவா" என்னும் சொல்லும் எண்ணிப் பார்த்தற்குரியது. "ஷூவ்" என்னும் அதன் வேருக்குத் திரும்பி வருதல் என்பது பொருள். வழிதவறிய பயணி தன் வீட்டை நோக்கித் திரும்பி நடக்கும் காட்சியே அதிலுள்ளது. கிரேக்கத்திலே இது மனமாற்றம் எனப் பொருள்படும் சொல்லாயிற்று. இலத்தீனிலே வருத்தத்தையும் தண்டனையையும் நினைவூட்டும் சொல்லாயிற்று. தமிழ்க் கிறித்தவர் வழங்கும் "மனந்திரும்புதல்" என்னும் தொடரிலே கிரேக்கத்தின் மனமும் எபிரேயத்தின் திரும்புதலும் ஒருங்கே அமைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

இனி அக்கேள்விக்கு வருவோம். கி.மு. 6ஆம் நூற்றாண்டிலே பாபிலோனியர் யெருசலேமை அழித்து, யூதருட் பலரைச் சிறைகொண்டு சென்றனர். பின்னர் அவர்கள் மீண்டு வந்தபோது, மேலை ஆசியாவின் பொதுமொழியாக அரமேயம் ஓங்கி நின்றது. மறு இனத்தாரை மணந்தோரின் பிள்ளைகள் தம் முன்னோரின் மொழியைப் பேச அறியாதிருந்தமையை நெகேமியா கண்டு வெகுண்டார் என்று அவர் பெயரால் வழங்கும் நூல் கூறும். அதே நூலில் இன்னொரு காட்சியும் உண்டு. யெருசலேமின் தண்ணீர் வாயிலின் முன்னே, மரத்தாலான மேடை ஒன்றின்மேல் எஸ்றா என்னும் வேதபாரகர் நின்று, விடியற்காலம் முதல் நண்பகல்வரை திருச்சட்டத்தை வாசிக்கிறார். லேவியர் மக்கள் நடுவே நின்று பொருளை விளக்குகின்றனர். பொருள் விளங்கியதும் மக்கள் அழுகின்றனர். விளங்காத மொழியிற் கேட்டிருந்தால் அவர்கள் அழுதிருக்க மாட்டார்கள். மூலம் வாசிக்கப்படவும் வேண்டும், அது விளக்கப்படவும் வேண்டும் என்னும் இரண்டும் அன்றே உணரப்பட்டன.

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட "மிஷ்னா" என்னும் சட்டநூல், எவற்றை எந்த மொழியிற் சொல்லலாம் என்று வகுத்துரைக்கிறது. அன்றாட வேண்டுதலையும், உணவுக்குப் பின் கூறும் நன்றியுரையையும் எந்த மொழியிலும் சொல்லலாம். குருமார் மக்கள்மேற் கூறும் ஆசி முதலிய சிலவற்றை எபிரேயத்தில் மட்டுமே சொல்லவேண்டும். மனிதன் தன் மனத்தை இறைவனுக்குத் திறப்பதற்கு எந்த மொழியும் தடையன்று. சமூகம் முழுவதற்கும் உரிய சில சொற்கள் மட்டும் வழிவழி வந்த வடிவிலேயே நிற்றல் வேண்டும் என்னும் கொள்கை இதனால் விளங்கும்.

அவ்வாறு எபிரேயத்தில் மட்டுமே சொல்லவேண்டியவற்றுள் ஒன்று, முதற்பலன் படைக்கும்போது கூறும் உரை. அறுவடையின் முதற் கனிகளைக் கூடையிலிட்டு உழவர் யெருசலேமுக்குக் கூட்டமாகச் செல்வர். கொம்புகளிற் பொன் பூசி, ஒலிவ இலைமுடி சூட்டிய எருது முன்னே செல்லும். குழலோசை வழி முழுவதும் கேட்கும். செல்வர் வெள்ளியாலும் பொன்னாலும் ஆகிய கூடைகளைக் கொண்டுவருவர். வறியவர் தோலுரித்த மிலாற்றினால் முடைந்த கூடைகளைக் கொண்டுவருவர். கோயிலை அடைந்ததும் ஒவ்வோர் உழவனும் கூடையைத் தோளிற் சுமந்தவாறே, தன் முன்னோர் வீடற்று அலைந்த வரலாற்றையும், எகிப்திலே அடிமைப்பட்ட துயரையும், மீட்கப்பட்டு இந்நிலத்தைப் பெற்ற நன்றியையும் எபிரேயத்தில் அறிக்கை செய்ய வேண்டும்.

எபிரேயம் ஓதத் தெரிந்தவன் தானே ஓதினான். தெரியாதவனுக்குக் குரு சொல்லிக்கொடுக்க, அவன் பின்தொடர்ந்து சொன்னான். இவ்வழக்கம் சிலகாலம் நடந்தது. பின்னர் ஒரு தீங்கு விளைந்தது. ஓதத் தெரியாதவர்கள் பலர்முன் நாணமடைய நேர்வதை எண்ணி, முதற்பலன் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டனர். அப்போது பெரியோர் என்ன செய்தனர்? மொழியை மாற்றவில்லை; தெரியாதவனைக் கடிந்துகொள்ளவுமில்லை. தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒருபடித்தாகவே சொல்லிக்கொடுத்தல் வேண்டும் என்று விதித்தனர். அன்றுமுதல் கல்விமானும் கல்லாதவனும் ஒரே வகையாகக் குருவின் சொல்லைப் பின்தொடர்ந்து சொல்லலாயினர். புனித மொழியைப் போற்றுதலும், அதனை அறியாத மனிதனின் மானத்தைக் காத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இந்தச் சிறு விதி காட்டுகிறது.

செபக்கூடங்களிலும் இத்தகைய முறையொன்று வளர்ந்தது. ஒருவர் எபிரேய மூலத்தை ஏட்டிலிருந்து வாசிக்க, மற்றொருவர் அதனை அரமேயத்தில் எடுத்துரைப்பார். எடுத்துரைப்பவர் ஏட்டைப் பார்த்தல் ஆகாது. மனத்திலிருந்தே கூறுதல் வேண்டும். மொழிபெயர்ப்பும் திருநூலில் எழுதப்பட்டதே என்று கேட்போர் மயங்கிவிடக்கூடாது என்பதே அதன் காரணம். மொழிபெயர்ப்பு இன்றியமையாதது, ஆனால் மொழிபெயர்ப்பே மூலமன்று.

எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியாவிலே கிரேக்கம் பேசிய யூதர் பெருகியபோது, கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே திருச்சட்ட நூல்கள் கிரேக்கத்திற் பெயர்க்கப்பட்டன. அந்நகர யூதர் அந்நிகழ்ச்சியை ஆண்டுதோறும் பாரோஸ் தீவிலே விழாவாகக் கொண்டாடினர் என்று அவ்வூர் அறிஞரான பைலோ எழுதியுள்ளார். பிற்கால யூத மரபொன்றோ, திருச்சட்டம் கிரேக்கமான நாள், பொற்கன்று வார்க்கப்பட்ட நாளைப் போன்ற கொடிய நாள் என்று கூறும். ஒரே செயலை ஒரு சாரார் திருநாளாகவும் மற்றொரு சாரார் துயர்நாளாகவும் கண்டனர். மொழிபெயர்ப்பினால் வரும் பேறும் இழப்பும் இவ்விரண்டிலும் அடங்கியுள்ளன.

அவ்விழப்பை நேரே உணர்ந்து எழுதியவர் ஒருவர் உண்டு. யெருசலேமைச் சேர்ந்த பென் சீரா என்னும் ஞானியார் எபிரேயத்தில் நீதிநூல் ஒன்று இயற்றினார். கி.மு. 132இல் எகிப்துக்கு வந்த அவருடைய பேரன் அதனைக் கிரேக்கத்திற் பெயர்த்து, எபிரேயத்திற் சொன்னவை வேறு மொழிக்கு மாறும்போது அதே ஆற்றலுடன் நிற்பதில்லை என்று முன்னுரையிலே படிப்போரிடம் பொறுமை வேண்டினார். காலப்போக்கிலே பாட்டனாரின் எபிரேய மூலம் உலகின் கண்ணுக்கு மறைந்தது. பேரனின் கிரேக்கமும் பிற மொழிபெயர்ப்புக்களுமே எஞ்சின. 1896ஆம் ஆண்டிலே இரட்டைச் சகோதரிகளான அக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் அறிஞர் இருவர் கீழை நாடுகளில் வாங்கிவந்த பழைய தாள்களை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்த சொலமன் ஷெக்டரிடம் காட்டினர். அவற்றுள் ஒன்று மறைந்துபோன அந்த எபிரேய மூலத்தின் ஒரு தாள் என்பதை ஷெக்டர் கண்டுகொண்டார். பின்னர் கெய்ரோவின் பழைய செபக்கூடத்திலிருந்து பல தாள்கள் கிடைத்தன. 1964இல் மசாதாக் கோட்டையின் இடிபாடுகளிலிருந்து இன்னும் பழைய சுருளொன்று வெளிப்பட்டது. இன்று அந்நூலின் மூன்றில் இரண்டு பங்களவு மூலமொழியிலேயே படிக்கக் கிடைக்கிறது.

மூலத்தைக் காத்தவர்களின் உழைப்பும் நினைக்கத்தக்கது. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டுவரை, கலிலேயாக் கடற்கரையிலுள்ள திபேரியா நகரிலும் பிறவிடங்களிலும் "மசோரெத்தியர்" எனப்படும் மரபு காப்போர் வாழ்ந்தனர். வாய்மொழியாக வந்த உயிரொலிகளையும் ஓதும் இசையையும் புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும் அவர்கள் குறித்துவைத்தனர். பழைய மெய்யெழுத்து ஒன்றனையேனும் மாற்றினாரல்லர். ஏட்டிலுள்ள வடிவம் ஒன்றாகவும் ஓதும் மரபு வேறாகவும் இருந்தால், ஏட்டிலுள்ளதை அப்படியே விட்டு, ஓதவேண்டியதை ஓரத்திலே எழுதினர். வசனங்களையும் சொற்களையும் எழுத்துக்களையும் எண்ணிக் கணக்கு வைத்தனர். கி.பி. 930ஐ ஒட்டி அவ்வாறு குறியிடப்பட்ட ஓர் ஏடு சிரியாவின் அலெப்போ நகரிலே பல நூற்றாண்டுகள் காக்கப்பட்டது. 1947இல் அங்கு நிகழ்ந்த கலகத்தில் அது சேதமுற்று, 1958இல் யெருசலேமை அடைந்தபோது ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே எஞ்சியிருந்தது. முழுத் திருநூலையும் கொண்ட மிகப் பழைய எபிரேய ஏடு, 1008ஐ ஒட்டி எழுதப்பட்டு, ரஷ்யாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே இருக்கிறது.

1947ஐ ஒட்டிச் சாக்கடலின் அருகேயுள்ள குகைகளிற் கண்டெடுக்கப்பட்ட சுருள்கள், அவ்வேடுகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பழமையானவை. அவற்றுள் ஏசாயாவின் நூல் முழுவதும் ஒரு சுருளிற் கிடைத்தது. எழுத்துக்கூட்டலிலும் சில சொற்களிலும் வேறுபாடுகள் உள. ஆயினும் நூலின் உடல் பெரும்பாலும் ஒன்றே. 1979இல் யெருசலேமை அடுத்த ஒரு கல்லறையிலே இரண்டு சிறிய வெள்ளித் தகடுகள் கண்டெடுக்கப்பட்டன. கி.மு. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியனவாகக் கருதப்படும் அவற்றிலே, குருமாரின் ஆசியுரை பழைய எபிரேய எழுத்துக்களிற் பொறிக்கப்பட்டிருந்தது. இறந்தவரோடு மண்ணுட் புதைந்த அவ்வாசி இன்றும் செபக்கூடங்களிலே உயிருடன் ஒலிக்கிறது.

கிறித்தவ உலகிலே எபிரேயத்தைக் கற்கத் துணிந்தவர்களுள் முதன்மையானவர் ஜெரோம் முனிவர். இளமையிலே சிரியப் பாலைவனத்தில் தவமிருந்தபோது, அலையும் மனத்தை அடக்குதற்காக யூதராயிருந்து கிறித்தவரான ஒருவரிடம் எபிரேயம் கற்கத் தொடங்கினார். இலத்தீன் இலக்கியத்தின் இனிமையிலே பழகிய செவிக்கு அதன் சீறும் ஒலிகளும் இரைக்கும் ஒலிகளும் கடினமாயிருந்தன. பலமுறை கைவிட்டார்; மீண்டும் தொடங்கினார். பின்னர் பெத்லகேமிலே தங்கி, யூத ஆசிரியர் ஒருவரிடம் இரவு வேளைகளிற் பாடங்கேட்டார். தம்மவர் என்ன சொல்வாரோ என்று அஞ்சி, அவ்வாசிரியர் இருளிலேயே வந்துபோவார். இவ்வாறு கற்ற கல்வியின் பயனாக, கிரேக்கத்தின் வழியாக அன்றி எபிரேயத்திலிருந்தே பழைய ஏற்பாட்டை ஜெரோம் இலத்தீனிற் பெயர்த்தார்.

எல்லோரும் அதனை வரவேற்றாரல்லர். வட ஆபிரிக்காவிலே, இன்று திரிப்பொலி எனப்படும் நகரத்தில், ஆயர் ஒருவர் ஜெரோமின் புதிய மொழிபெயர்ப்பை வாசித்தபோது சபையிலே பெருங்குழப்பம் எழுந்ததாகப் பேரறிஞர் அகுஸ்தீனார் 403ஆம் ஆண்டு எழுதினார். காரணம் என்ன? யோனா தீர்க்கதரிசிக்கு நிழல் தந்த செடியின் பெயர். மக்கள் வழிவழியாகக் கேட்டுவந்தது சுரைக்கொடி. ஜெரோம் எழுதியது வேறொரு படர்கொடி. ஆயர் தம் சபையையே இழக்கும் நிலைக்கு வந்து, உண்மை எதுவென்று அவ்வூர் யூதரிடம் சென்று கேட்க நேர்ந்தது. மூலத்திலுள்ள சொல் "கிக்காயோன்". அதற்குரிய இலத்தீன் பெயர் இல்லாமையாலேயே கொடியின் பெயரை இட்டதாக ஜெரோம் விடையிறுத்தார். அஃது ஆமணக்கு என்பதே இன்று அறிஞர் பலரின் கருத்து. தமிழ்ச் சபைகளிலே நெடுங்காலமாக வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பில் ஆமணக்குச் செடி என்றே இருக்கிறது. விரைவில் வளர்ந்து அகன்ற இலை பரப்பும் ஆமணக்கைக் கண்டறிந்த தமிழ்ச் சிறுவனுக்கு, உரோமாபுரி அறிஞர் வாதாடிய சொல் எளிதில் விளங்கிவிடுகிறது.

செடியின் பெயர் சிறு செய்தியாகலாம். எபிரேய அறிவினால் ஒரு மக்களின் நூல்களே அழியாமற் காக்கப்பட்ட வரலாறும் உண்டு. ஐரோப்பாவிலே யூதரின் நூல்கள் பலமுறை எரியூட்டப்பட்டன. பாரிஸ் நகரில் 1242இல் "தல்மூத்" என்னும் நூலின் படிகள் வண்டி வண்டியாகக் கொணர்ந்து கொளுத்தப்பட்டன. 1509இலே செருமனி நாட்டில் பெபர்கோன் என்பவர் யூதரின் நூல்களைப் பறிமுதல் செய்யும் ஆணையைப் பேரரசர் மக்சிமிலியனிடம் பெற்றார். இது தகுமா என்று அறிஞர் சிலரின் கருத்துக் கேட்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் ஜொகான் ரொய்க்லின். அவர் கிறித்தவர், சட்ட அறிஞர், யூத மருத்துவர் ஒருவரிடம் எபிரேயம் பயின்று, 1506இல் கிறித்தவர் கற்பதற்கு எபிரேய இலக்கணமும் அகராதியும் அடங்கிய நூலை வெளியிட்டவர். ஏனையோர் பெரும்பாலும் பறிமுதலுக்கு இசைந்தபோது, அந்நூல்களைப் படித்தறிந்த ரொய்க்லின் அவற்றை அழித்தல் அநீதி என்று 1510இல் எழுதினார். பறிமுதல் நின்றது. அதன் பயனாக அவர்மேற் சமயவழக்குத் தொடுக்கப்பட்டது. 1520இல் உரோமையிலே தீர்ப்பு அவருக்கு மாறாக வந்தது. ஈராண்டின்பின் அவர் காலமானார். தெரியாத மொழியிலுள்ள நூலைத் தீயிலிடுதல் எளிது. படித்தறிந்த நூலைத் தீயிலிட மனிதனுக்குக் கை எழாது.

தமிழுக்கும் எபிரேயத்துக்கும் உள்ள தொடர்பும் பழமையானது. சாலமோன் அரசனின் மரக்கலங்கள் கொண்டுவந்த அரும்பொருள்களுள் "துக்கி" என்னும் பறவையும் ஒன்று. மயிலைக் குறிக்கும் இச்சொல் தமிழின் "தோகை" என்பதிலிருந்து சென்றது என்று 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் எடுத்துரைத்தார். எல்லா அறிஞரும் இதற்கு உடன்பட்டாரல்லர். எவ்வாறாயினும், பிற்காலத்திலே எபிரேயத் திருநூல் தமிழுக்கு வந்தது உறுதி. தரங்கம்பாடியிலே வாழ்ந்த சீகன்பால்கு பழைய ஏற்பாட்டை ரூத்தின் வரலாறுவரை பெயர்த்து, 1719இல் 36 வயதிலே காலமானார். சூல்ச்சே என்பவர் எஞ்சியதை முடித்தார். பின்வந்த பப்ரீசியஸ் எபிரேய மூலத்தை நுணுகி நோக்கிப் பல ஆண்டு உழைத்தார். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட மொழிபெயர்ப்புக்குச் சைவப் பெரியாரான ஆறுமுக நாவலர் துணைநின்றார் என்பதை ஈழத்தவர் அறிவர். தம் சமயத்திலே அசையாத பற்றுடைய ஒருவர், பிறிதொரு சமயத்தின் நூல் நல்ல தமிழ் பெறுதற்கு உதவியமை மொழிக்குச் செய்த தொண்டாகும்.

எபிரேயம் பேச்சுவழக்கிலிருந்து நீங்கிய பின்னரும் இறந்துபோகவில்லை. செபத்திலும், கல்வியிலும், கடிதத்திலும், கவிதையிலும் அது வாழ்ந்தது. 12ஆம் நூற்றாண்டிலே மைமோனிதஸ் தம் பெருஞ்சட்டநூலை அம்மொழியிலேயே எழுதினார். புனித மொழியைக் கற்றலை, எளியதென்று எண்ணிப் புறக்கணித்தலாகாத கடமைகளுக்கு எடுத்துக்காட்டாக அவர் காட்டினார். 1881இலே பாலஸ்தீனம் வந்த எலியேசர் பென் யெகுதா அதனை மீண்டும் வீட்டுமொழியாக்க முனைந்தார். வேதமொழியைச் சந்தையிலே பேசுவது அதன் தூய்மையைக் கெடுப்பதாகும் என்று சமயப்பற்றுடையோர் பலர் எதிர்த்தனர். 1922இல் அவர் இறந்தபோது அது பாலஸ்தீனத்தின் ஆட்சிமொழிகள் மூன்றனுள் ஒன்றாய்விட்டது. இன்று இஸ்ரேல் நாட்டிலே குழந்தைகள் அதனைத் தாய்மொழியாகப் பேசுகின்றனர். எனினும் இன்றைய வழக்கும் திருநூலின் வழக்கும் முற்றும் ஒன்றல்ல. இன்றைய எபிரேயம் பேசுபவரும் ஏசாயாவை உணர்தற்குத் தனியே கற்கவேண்டும்.

இவற்றையெல்லாம் நோக்கும்போது, எபிரேயம் கற்பதன் பயன் மூவகையாகத் தோன்றும். முதலாவது, திருநூலைத் தம் வாழ்வின் வழிகாட்டியாகக் கொண்டோர் அதன் சொல்லை அதன் குரலிலேயே கேட்கும் பேறு பெறுவர். இரண்டாவது, ஒரு மொழிபெயர்ப்பின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு பெருவாதம் எழுப்பும்போது, மூலம் என்ன சொல்கிறது, எதனைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அறிந்தவரே நிதானம் காட்டமுடியும். மூன்றாவது, ஒரு மக்களின் வேதத்தை அவர்கள் மொழியிலே படித்தவர் அம்மக்களை இழிவாக எண்ணுதல் அரிது.

தொடங்குவோர் அஞ்சவேண்டியதில்லை. 22 எழுத்துக்களையும் புள்ளிகளையும் சில வாரங்களிலே பழகிக்கொள்ளலாம். தொண்டையின் அடியிலே பிறக்கும் சில ஒலிகள் மட்டும் தமிழ் நாவுக்குப் பயிற்சி வேண்டுவன. மாணவர்க்கு முதலிற் கொடுக்கப்படும் நூல்கள் பெரும்பாலும் ரூத்தும் யோனாவும். ஒவ்வொன்றும் நான்கே அதிகாரங்கள். ஒரு நாளைக்கு ஒரு வசனம் படிப்பவரும் இரண்டு மாதத்துக்குள் யோனாவை முடித்து, ஆமணக்கின் நிழலிலே அமர்ந்த அந்தத் தீர்க்கதரிசியின் கோபத்தையும், அவனுக்கு இறைவன் இறுதியிலே விடுத்த கேள்வியையும் மூலமொழியிலேயே கேட்டுவிடலாம்.

எல்லோரும் எபிரேய அறிஞர் ஆதல் இயலாது; ஆகவேண்டுமென்று யாரும் விதித்ததுமில்லை. ஒவ்வொரு சபையிலும், ஒவ்வொரு கல்விக்கூடத்திலும் ஒருவர் இருவராயினும் அம்மொழியைக் கற்று, தெரியாதவர்க்கு அவர் நாணாத வகையிற் சொல்லிக்கொடுப்பாராயின், அதுவே போதும். கூடையைத் தோளிற் சுமந்து நின்ற அந்த உழவர்களுள் எவன் படித்தவன், எவன் படியாதவன் என்று அருகில் நின்றவர்க்குத் தெரியவில்லை. குரு சொல்லச் சொல்ல, இருவரும் ஒரே சொற்களை ஒரே குரலிற் சொல்லி, தம் நிலத்தின் முதற் கனிகளை இறைவன் முன்னே வைத்துச் சென்றனர்.